கடைக்கு ஒரு பெயர், இணையத்திலும் ஒரு பெயர்

அங்கத்தவர்களின் கடைகளையெல்லாம் திரட்டி ஒரே இணையத்தளத்தில் போடுவதில் சில வியாபாரச் சங்கங்கள் ஆர்வம் காட்டுகின்றன. நல்ல விடயம்தான். ஆனால் 'ஒரு கடைப் பக்கத்துக்கு இவ்வளவு, 300 கடைக்கு இவ்வளவு' என்று பெருக்கிக் காட்டும் விலைமனுவுக்குத் தலையாட்ட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

300 கடைக்கு 300 பக்கம் எவரும் எழுதுவதில்லை. எழுதுவது ஒரே பக்கம், அச்சடித்த வெற்றுப் பற்றுச்சீட்டு மாதிரி. முகவரியில் 'கடை' என்ற சொல்லுக்குப் பின் சாய்கோடு போட்டு எது வந்தாலும் அதைக் கடையின் பெயராக எடுத்துக்கொள் என்று புரோகிராமில் ஒரு விதி இருக்கும். யாராவது அந்த முகவரியைத் தட்டினால் சேர்வர் அப்பெயரைத் தரவுத்தளத்தில் தேடும். இருந்தால் விபரங்களை நிரப்பி அனுப்பும், இல்லாவிட்டால் 404 என்று கைவிரிக்கும். ஆகவே புதுக்கடை சேருவது பேரேட்டில் ஒரு வரி கூடுவதுதான். விபரம் திரட்டவும் படம் எடுக்கவும் கூலி கேட்டால் கொடுங்கள், அது நியாயம்.

அடுத்து, பெயருக்குப் பதிலாக எண் போட்டுத் தந்தால் ஏற்க வேண்டாம். பேஸ்புக்கிலேயே 2009 ஜூன் 13ஆம் திகதிதான் பொதுவாக எல்லோரும் தம் முகவரிக்குப் பெயர் தெரிவு செய்ய முடிந்தது. அதுவரை பெரும்பாலும் நீண்ட எண்தான். எண்ணைப் பெயர்ப்பலகையில் எழுதி யாருக்கு ஞாபகம் இருக்கும்? எண்ணில் வேறு ஆபத்தும் உண்டு. 2011இல் அமெரிக்காவின் சிட்டி வங்கியில் ஒரு கணக்கால் உள்ளே நுழைந்தவர்கள், முகவரியிலிருந்த கணக்கு எண்ணை மாற்றி மாற்றியே மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமான அட்டைக்காரர்களின் விபரங்களை எடுத்தார்கள். எண்ணை மறைத்தால் மட்டும் இது தீராது. கேட்பவருக்கு அதைப் பார்க்க உரிமை உண்டா என்று சேர்வர் ஒவ்வொரு தடவையும் பார்க்கவேண்டும்.

நம்மவர்களிடம் பெயரிலும் சிக்கல்தான். ஊருக்கு ஒரு பாத்திமா ஸ்டோர்ஸ்! ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டால் சண்டை வராது. முகவரியைத் தமிழில் போடத்தான் ஆசை. ஆனால் அதைப் பிரதி எடுத்து அனுப்பும்போது பல இடங்களில் ஓரெழுத்து ஒன்பது குறிகளாக விரிந்து, சதவீதக் குறியும் எண்ணுமாக வாசிக்கவே முடியாமல் போகிறது. இப்போதைக்கு ஆங்கில எழுத்தே வசதி.

பெரிய நட்டம் வருவது பெயர் மாறும்போது. பங்காளிகள் பிரிவார்கள், மகன் பொறுப்பெடுத்துப் புதுப்பெயர் வைப்பான். பழைய முகவரியோ பையிலும் கலண்டரிலும் விசிட்டிங் கார்ட்டிலும் ஊரெல்லாம் போயிருக்கும். பழைய பெயரைத் தட்டுபவரைப் புதுப்பெயருக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட 301 என்றொரு முறை இருக்கிறது. செய்பவருக்குச் சின்ன வேலை, கேட்காவிட்டால் செய்யமாட்டார். பழைய பெயரை வேறு கடைக்குக் கொடுக்காமல் வைப்பதும் அதேயளவு அவசியம். கொடுத்தால் உங்கள் கலண்டரே உங்கள் வாடிக்கையாளரை அடுத்தவன் கடைக்கு அனுப்பும்.

இவற்றை முற்பணம் கொடுக்குமுன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டொட் எல்கே பெயர் சங்கத்தின் பெயரில் பதிவாகிறதா, செய்து தருபவரின் பெயரிலா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். அவர் பெயரில் பதிவானால், அவரோடு மனஸ்தாபம் வரும் நாளில் 300 கடையின் முகவரியும் அவர் கையில்.