சம்பளம் ஏறினால் ஜீவனாம்சமும் ஏற வேண்டும்

குழந்தைகளுக்கான ஜீவனாம்சம் குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், அகவிலைப்படி திருத்தப்படுகிறது. அதற்காக அவர் மனுப் போடுவதில்லை, வாய்தாவுக்கு அலைவதில்லை. ஆனால் பிரிந்துபோன மனைவியிடம் வளரும் தன் பிள்ளைக்கு அவர் கொடுக்கும் ஜீவனாம்சம் மட்டும் உத்தரவு வந்த நாளில் போட்ட தொகையிலேயே நிற்கிறது. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நிர்ணயித்த பணத்தில் பத்தாம் வகுப்புக்கு டியூஷன் கட்ட முடியுமா? விலைவாசி அப்பாவுக்கு மட்டுமா ஏறுகிறது?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு இடம் தந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146ஆம் பிரிவு இருக்கிறது. சிக்கல் நடைமுறையில்தான். சம்பளச் சீட்டு இருப்பது கணவர் கையில். சம்பளம் உயர்ந்ததை நிரூபிக்க வேண்டியவர் மனைவி. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். வழக்கு முடிந்தபின் வரும் ஊதிய உயர்வு அந்தப் பத்திரத்தில் எப்படி இருக்கும்?

எனவே, உயர்வு விகிதத்தை ஜீவனாம்ச உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும் என்கிறோம். இது புதுமையல்ல. 2025இல் ராக்கி சாதுகான் வழக்கில் மனைவிக்கு மாதம் 50,000 ரூபாய் தரச் சொன்ன உச்ச நீதிமன்றம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்டவும் உத்தரவிட்டது. வளரும் பிள்ளைக்கு இந்த நியாயம் இன்னும் அதிகமாகப் பொருந்தும். சம்பளச் சீட்டே இல்லாத கட்டடத் தொழிலாளிக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்தே கணக்கிடப்படுகிறது. அதையே அளவாகக் கொள்ளலாம்.

வேலை போன அப்பாவின் கஷ்டத்தையும் நாங்கள் மறுக்கவில்லை. நிலுவை சேர்ந்தால் அவருக்குச் சிறை வரும். சிறையில் இருப்பவர் சம்பாதிக்க முடியாது. இடைக்கால ஜீவனாம்ச மனுவுக்கு 60 நாள் என்று சட்டம் வரம்பு வைத்திருப்பதுபோல, குறைக்கக் கோரும் மனுவுக்கும் வைக்கட்டும். ஆனால் நோட்டீஸ் வந்த கையோடு ராஜினாமா செய்பவரையும், புதிதாக வங்கிக் கடன் வாங்கி, பிடித்தம் போகக் கைக்கு வருவது குறைவு என்று காட்டுபவரையும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. உடலுழைப்பு செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022இல் அஞ்சு கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

அம்மாவுக்கு வேலை கிடைத்தால்? பிள்ளையின் செலவை இருவரும் வருமான விகிதத்தில் பகிரட்டும். அதைக் காரணம் காட்டி அப்பாவின் பங்கை ரத்து செய்வதை எதிர்க்கிறோம்.

கணவரின் சம்பளத்திலிருந்து நேரடியாகப் பணம் கட்டும்படி வேலை தருபவருக்கு உத்தரவிட, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 20ஆம் பிரிவு இப்போதே இடம் தருகிறது. மாதச் சம்பளக்காரர்கள் எல்லோருடைய வழக்கிலும், எந்தச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டிருந்தாலும், இந்த முறையைக் கொண்டுவர வேண்டும் என்று தமிழக அரசையும் உயர் நீதிமன்றத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.