வழியின் உரிமை யாருக்கு?

ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அதன் சாலைகளில் ஓடும் கார்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. அரசாங்கத்தார் அவ்வாறு அளக்கின்றனர், செய்தித்தாள்கள் அளக்கின்றன, நிகாஹ் பேச உட்காரும் இரு வீட்டாரும்கூட அவ்வாறே அளக்கின்றனர். இந்த அளவுகோல் பொய்யானது என்பதே நம் வாதம். பொய்யானது மட்டுமன்று, அநீதியானதும்கூட என்பதை வாசக நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

விடுதலைக்குப் பின் நெடுங்காலம் இந்நாட்டில் கார் என்பது செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991க்குப் பின் பொருளாதாரக் கதவுகள் திறந்தன. 1998இல் நம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தே புதிய கார்கள் வெளிவரத் தொடங்கின. 2023–24 நிதியாண்டில் மட்டும் இந்தியாவில் விற்பனையான கார் முதலிய பயணிகள் வாகனங்கள் 42 லட்சம்.

வண்டி பெருகினால் பாதையும் பெருக வேண்டுமன்றோ? டில்லி, மும்பை, சென்னை, கல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலை 5,846 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்தது. 2014இல் ஏறத்தாழ 91,000 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகள் அடுத்த பத்தாண்டுகளில் 1,46,000 கிலோமீட்டராயின. நெடுஞ்சாலையே வேண்டாம் என்பவர்கள் அல்லர் நாம். அரிசி மூட்டையும் உப்பும் நோயாளியும் அவ்வழியேதான் வந்து சேர்கின்றனர். நம் வழக்கு வேறு.

2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் நூறு வீடுகளை எடுத்துக்கொண்டால் ஏழெட்டு வீடுகளில்தான் கார் இருந்தது. ஏறத்தாழப் பாதி வீடுகளில் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ இருந்தது. எஞ்சிய மக்கள் பேருந்தில் போகிறார்கள், மிதிவண்டியில் போகிறார்கள், நடந்து போகிறார்கள். ஆனால் நம் ஊர்களின் தெருக்களைப் பாருங்கள். நூற்றில் எட்டுப் பேருக்காக அமைந்த தெருவாக அது தோன்றுகிறதா, தொண்ணூற்றிரண்டு பேருக்காக அமைந்ததாகத் தோன்றுகிறதா? நடைபாதை என்ற ஒன்று இருந்தால் அதன்மேல் மின்மாற்றி நிற்கிறது. அல்லது கார் நிற்கிறது. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று வந்தால் முதலில் வெட்டுப்படுவது ஓரத்துப் புளியமரம். அடுத்து வெட்டுப்படுவது நடப்பவனின் ஓரடி இடம். வரி கட்டியவர் எல்லோரும். வழி கிடைத்தது சிலருக்கு.

இங்கே நம் மதரசாக்களில் ஓதப்படும் ஒரு நூலை நினைவுபடுத்த வேண்டியவர்களாக இருக்கிறோம். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை ஓதியவர்கள், சுலுஹு பற்றிய பாடத்தில் பொதுவழி குறித்த சட்டங்களை அறிவார்கள். பொதுவழியில் போவோர் வருவோருக்குத் தீங்கு தரும் எச்செயலுக்கும் அனுமதியில்லை என்று அப்பாடம் தொடங்குகிறது. ஒருவர் தம் வீட்டு மாடியிலிருந்து தெருவின் மேலாக ஒரு முகப்பை நீட்டலாமா? நீட்டலாம்; ஆனால் அதன் கீழே ஒரு மனிதன் தலை குனியாமல் நிமிர்ந்து நடந்து போகுமளவு அது உயர்ந்திருக்க வேண்டும். உரையாசிரியர்கள் இன்னும் ஒரு படி போய், தலையில் உயரமான சுமையோடு வருபவனும் தடையின்றிப் போக வேண்டும் என்கிறார்கள். குதிரை வீரரும் வணிகக் கூட்டமும் போகும் வழியானால், கூடாரப் பல்லக்குச் சுமந்த ஒட்டகம் போகுமளவு உயர்த்த வேண்டும்.

இதில் நேயர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஊர்த் தெருவில் சட்டம் முதலில் யாரை நினைக்கிறது? நடப்பவனை. அவனுடைய உயரமே அளவு. அவன் தலைச்சுமையே கணக்கு. ஒட்டகம் வரும் வழியில் அளவு கூடுகிறதே தவிர, நடப்பவன் பங்கு குறைவதில்லை. இன்றைய பொறியாளரோ முதலில் காரின் அகலத்தை எடுத்துக்கொள்கிறார். அதன் வேகத்தை எடுத்துக்கொள்கிறார். எல்லாம் முடிந்தபின் மீதமிருந்தால் மனிதனை நினைக்கிறார். பெரும்பாலும் மீதமிருப்பதில்லை.

இன்னொன்றும் அதே பாடத்தில் இருக்கிறது. தெருவிலே திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும் தடுக்கப்பட்டவை. தீங்கில்லையெனில் ஆகும் என்ற கருத்தும் உண்டு. ஆயினும் தடை என்பதே வலுவான தீர்ப்பு. வேறோரிடத்தில், தெருவின் மூலப் பயன் கடந்து செல்லுதலே என்றும், இளைப்பாறவோ வாணிபம் செய்யவோ ஒருவர் அதில் அமர்வது பிறருக்கு நெருக்கடி தராதவரையில் மட்டுமே ஆகும் என்றும் வருகிறது. ஒரு முழத் திண்ணைக்கே இடங்கொடாத தெருவில், இரவும் பகலும் ஒருவர் காரை நிறுத்தி வைத்துவிட்டு, “என் வீட்டு வாசல்தானே” என்று கேட்கிறாரே, இதற்கு எந்த மத்ஹபில் சான்று தேடுவது? வாசல் அவருடையது, வாசலுக்கு வெளியே இருப்பது அவருடையதன்று.

நிற்க. இதைப் பழைய சட்டம் என்று தள்ளிவிடுவோருக்காகப் புதிய சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். வண்டிகளை நகர்த்துவதன்று, மனிதரை நகர்த்துவதே நோக்கம் என 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. 2014இல் சென்னை மாநகராட்சி, போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை நடப்போருக்கும் மிதிவண்டியாளருக்கும் ஒதுக்குவதெனக் கொள்கை வகுத்தது. 2019இல் பாண்டிபஜாரில் அதன் அழகையும் கண்டோம். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதையைப் பெறுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று கூறியது. ஏட்டில் குறைவில்லை. பாண்டிபஜாரைத் தாண்டி நான்கு தெரு நடந்து பாருங்கள். ஏடு எங்கே, தெரு எங்கே என்று தெரியும்.

இனி நெஞ்சைப் பிளக்கும் கணக்கொன்று. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே கணக்குத் தந்தது. அவருள் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர். இருசக்கர வாகனத்தில் சென்றோர் 74,897 பேர். இவ்விரு சாராரையும் கூட்டினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடே முதலிடம். இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். 17,884 பேர். ஒரு சிற்றூர் மக்கள் தொகையையே ஆண்டுதோறும் மையவாடிக்கும் மயானத்துக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

இத்தகைய ஜனாஸாவில் நின்றுகொண்டு, “தக்தீர், என்ன செய்வது?” என்று சொல்லிக் கலைந்து போகிறவர்களைக் காண்கிறோம். அல்லாஹ்வின் நாட்டத்தை மறுப்பவர் நம்மில் எவருமில்லை. ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததாக வரும் செய்தியை அறியாதவரும் இல்லை. கட்டாத ஒட்டகத்துக்கு விதியைக் காரணம் சொல்வது பொறுமையா, சோம்பலா? பொதுவழியிலே ஒருவன் உரிய அனுமதியின்றித் தன் நலத்துக்காகக் கிணறு தோண்டி, அதில் இன்னொருவன் விழுந்து இறந்தால், விதி என்று சொல்லித் தோண்டியவனை விட்டுவிடவில்லை நம் சட்ட நூல்கள். அவன்மீது ஈட்டைச் சுமத்தின. விளக்கில்லாத பள்ளமும், கடக்க இடமில்லாத நால்வழிச் சாலையும், பள்ளிக்கூட வாசலில் குறையாத வேகமும் அந்தக் கிணறுகளே. தோண்டியவர் யார் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

ஊர்களின் ஊடே செல்லும் நெடுஞ்சாலைகளைப் பற்றி ஒரு சொல். ஆம்பூர் போன்ற ஊர்களில் சென்னை–பெங்களூரு சாலையின் இருபுறமும் மக்கள் வாழ்கிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களில் இப்புறம் வீடு, அப்புறம் பள்ளிவாசல். இப்புறம் உம்மா வீடு, அப்புறம் மகள் வீடு. ஒரு காலத்தில் தெருவைக் கடப்பதென்பது பத்து எட்டு. இன்று வண்டி வேகமாகப் போக வேண்டுமென்று நடுவே தடுப்பு எழுப்பிவிட்டு, நடப்பவனைப் பார்த்து, “அரை மைல் சுற்றி வா” என்கிறார்கள். காரில் இருப்பவனுக்கு அரை மைல் என்பது அரை நிமிடம். ஃபஜ்ருக்கு இருட்டில் புறப்படும் முதியவருக்கு அது எவ்வளவு? அவர் சுற்றிப் போகமாட்டார்; தடுப்பின் இடைவெளியில் நுழைவார். நாளை செய்தித்தாளில் ‘கவனக்குறைவாகச் சாலையைக் கடந்த முதியவர்’ என்று இரண்டு வரி வரும்.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்பார் உளர். சென்னையில் ஜெமினி மேம்பாலம் 1973இல் திறக்கப்பட்டது. கத்திப்பாராப் பாலம் 2008இல். இடையிலும் பின்னும் எத்தனையோ பாலங்கள். நெரிசல் தீர்ந்ததா? வழி அகன்றால் வண்டி ஓட்ட ஆசை அகல்கிறது; பேருந்தில் போனவர் கார் வாங்குகிறார்; சில ஆண்டுகளில் பழைய நெரிசலே புதிய அகலத்தில் வந்து நிற்கிறது. சாலைப் பொறியாளரின் கணக்கில் ஒரு பேருந்து ஏறத்தாழ மூன்று கார்களின் இடத்தைக் கொள்கிறது. பேருந்தில் ஐம்பது பேர் போகிறார்கள். மூன்று கார்களில் எத்தனை பேர்? நான்கோ ஐந்தோ. நமக்குக் கணக்குப் பாடம் அதிகம் தெரியாது. இதற்கு அதிகம் தெரிய வேண்டியதுமில்லை.

“பேருந்தில் நெருக்கித் தள்ளுகிறார்களே, மானமுள்ள பெண்கள் எப்படிப் போவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை கூடுதல் பேருந்தேயன்றிக் கூடுதல் கார் அன்று. 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாயினர். வேலைக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போகும் நம் பெண்மக்கள் எத்தனையோ பேருக்கு அது கதவைத் திறந்தது. கார் ஆலைகளால் பல்லாயிரவர் பிழைக்கிறார்களே என்பதும் உண்மைதான். பேருந்து செய்யவும் ஆட்கள் வேண்டும் என்பதோடு அதை விட்டுவிடுகிறோம். முடியாதவர்க்கும் முதியவர்க்கும் கார் ஒரு நிஃமத் என்பதில் ஐயமில்லை. ஹலாலான சம்பாத்தியத்தில் வாங்கியவரை நாம் பழிக்கவுமில்லை. அவர் வாங்கியது வண்டியை, தெருவையன்று என்கிறோம்.

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பும் நம் சகோதரர்கள், அங்குள்ள சாலைகளின் அகலத்தைப் புகழ்ந்து பேசுவார்கள். எண்ணெய் மலிந்த அந்நாடுகளே இன்று என்ன செய்கின்றன என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும். துபாயில் 2009இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. ஹஜ்ஜின் புனிதத் தலங்களை இணைக்கும் ரயில் 2010இல் வந்தது. மக்காவையும் மதீனாவையும் இணைக்கும் ஹரமைன் ரயில் 2018இல். ரியாதில் 2024 டிசம்பரில் மெட்ரோ திறக்கப்பட்டது. பெட்ரோலை ஊற்றெனக் கொண்டவர்களே காரினால் மட்டும் நகரம் இயங்காது என்று கண்டுகொண்டார்கள். எண்ணெயைக் கடல் கடந்து வாங்கும் நாமோ இன்னும் அகலத்தைக் கனவு காண்கிறோம்.

நம் வீட்டுக்குள்ளேயும் வந்து சேர வேண்டும். முன்பு கைக்கூலி என்று ரொக்கம் கேட்டார்கள். ஆலிம்கள் கண்டித்தார்கள், ஜமாஅத்துகள் சில ஊர்களில் தடுத்தும் பார்த்தன. இப்போது ரொக்கம் கேட்பதில்லையாம். “உங்கள் மகளுக்குத்தானே, ஒரு கார் கொடுத்துவிடுங்கள்” என்கிறார்களாம். மஹர் கொடுக்க வேண்டியவன் சாவியை வாங்கிக்கொள்கிறான். பெண்ணைப் பெற்ற வாப்பா கடன்பட்டு வாங்கிய அந்தக் கார், இரண்டு பேர் கை வீசி நடக்க முடியாத சந்தில் ஆறு நாள் நின்று, ஏழாம் நாள் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்ற நபிமொழியைக் குத்பாவில் கேட்டுவிட்டு வெளியே வருபவர்கள், அந்தத் தொல்லையைச் சுற்றிக்கொண்டு சாக்கடை ஓரமாக நடந்து போகிறார்கள்.

முதவல்லிகளும் ஜமாஅத் பெரியவர்களும் நகராட்சிக்கு மனு எழுதும்போது பெரும்பாலும் இரண்டு கோரிக்கைகளே இருக்கக் காண்கிறோம்: சாலையை அகலப்படுத்துக, வண்டி நிறுத்த இடம் தருக. இனி எழுதும் மனுவில் வரிசை மாறட்டும். பள்ளிக்கூடத்திலிருந்தும் மதரசாவிலிருந்தும் பிள்ளைகள் வரும் தெருவில் இருபுறமும் நடைபாதை. நெடுஞ்சாலை ஊரைப் பிளக்கும் இடத்தில் தரைமட்டத்திலேயே கடக்க விளக்குடன் வழி. ஃபஜ்ருக்கு முன்னும் இஷாவுக்குப் பின்னும் எரியும் தெருவிளக்கு. காலையும் மாலையும் தவறாத பேருந்து. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசல் தெருவுக்குள் கார் வரலாகாதென்று ஜமாஅத்தே தீர்மானம் போடலாம். அதற்கு நகராட்சியின் தயவு தேவையில்லை. வண்டி நிறுத்தும் இடம் பற்றிய கோரிக்கையை மனுவின் கடைசியில் எழுதிக்கொள்ளட்டும். தாளில் இடம் மிஞ்சினால்.