கோடியக்கரைக்கு நடந்து போகலாம்

திருத்துறைப்பூண்டியிலிருந்து கிளம்பும் ரயில் அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடுகிறது. 37 கி.மீ. நீளமுள்ள இந்தத் தடம் மீட்டர்கேஜாக இருந்து, பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, அகலப் பாதையாகி 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. ஒருகாலத்தில் ரயில் இன்னும் தெற்கே, நிலம் முடிகிற கோடியக்கரை வரையில் போனது. அந்தப் பகுதி கைவிடப்பட்டது கைவிடப்பட்டதுதான். இன்று வேதாரண்யம் பக்கம் வருகிறவர்கள் வேனிலோ காரிலோ கோடியக்கரைக்குப் போகிறார்கள். கண்ணாடி வழியே மான் தெரிந்தால் ஒரு படம், கடற்கரையில் ஒரு படம், உச்சி வெயிலுக்கு முன் திரும்பிவிடுகிறார்கள்.

அகஸ்தியம்பள்ளியிலிருந்து கோடியக்கரை வரை சுமார் பத்து கி.மீ. தூரம்தான். அதற்குள் உப்பளம், சதுப்பு, காடு, கடல் நான்கும் அடுத்தடுத்து வருகின்றன. தேவாரக் கோயில் ஒன்று, இடிந்த கலங்கரை விளக்கம் ஒன்று, ராமர் பாதம் என்று வணங்கப்படும் மேடு ஒன்று, சுதந்திரப் போராட்டத்தின் முக்கியமான களம் ஒன்று. ஏற்றம் இறக்கம் கிடையாது. இந்தக் காட்டின் மிக உயரமான இடமே கடல்மட்டத்திலிருந்து நான்கு மீட்டர் அளவுதான். பள்ளிப் பிள்ளைகளும் அறுபதைத் தாண்டியவர்களும் சிரமமின்றி நடக்கக்கூடிய தரை. ஆனாலும் இவற்றையெல்லாம் ஒரே கோட்டில் கோத்து நடந்து பார்க்கும்படி, அடையாளமிட்ட பாதை ஒன்று இல்லை. இது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

காரணம், இந்த மண்ணின் வரலாறே நடந்து வந்தவர்களின் வரலாறு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டார்கள். சுமார் 240 கி.மீ. தூரத்தை இரண்டு வாரத்தில் நடந்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். நாமக்கல் கவிஞர் எழுதித் தந்த வழிநடைப் பாட்டு அவர்களோடு வந்தது. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், சவரம் செய்துகொண்டிருந்தபோதே எதிரில் இருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்து, பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஏப்ரல் 30 விடியற்காலையில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது, ராஜாஜி கைதானார்.

அந்த இடத்தில் இன்று நினைவு ஸ்தூபி நிற்கிறது. வேனில் போகிறவருக்கு அது சாலையோரத்துத் தூண்களில் ஒன்று. இறங்கி நடந்தால்தான் அதைச் சுற்றியுள்ள நிலம் விளங்கும். கோடையில் இந்தச் சதுப்பில் நீர் வற்றும்போது, யாரும் பாத்தி கட்டாத இடத்திலும் தரைமேல் உப்பு தானாகவே வெள்ளையாகப் படிகிறது. குனிந்து ஒரு பிடி அள்ளினால் போதும். அப்படி அள்ளியதைத்தான் அன்றைய சட்டம் குற்றம் என்றது. உப்பு வரியின் அநியாயத்தைப் பாடப்புத்தகத்தில் நாலு வரியாகப் படித்த பிள்ளைக்கு, அந்தத் தரையில் செருப்பில்லாமல் நாலடி வைத்தால் வேறு எந்த விளக்கமும் தேவைப்படாது. பக்கத்திலேயே இன்றைய உப்பளங்கள். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் இழுத்து வரப்போரம் குவிக்கிறார்கள். மழைக்கு முன் குவியலை மூடுகிறார்கள். நாள் முழுதும் உப்புநீரில் நிற்கிற கால்களில் வெடிப்பும் புண்ணும். 1930-ஐப் பற்றிப் பெருமையாகப் பேசுகிற நாம் இந்தக் கால்களையும் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

உப்பளம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் காற்றே மாறிவிடுகிறது. கோடியக்கரைக் காடு, சோழமண்டலக் கரையோரத்தில் மிச்சமிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் ஒன்று. உயர்ந்தோங்கிய மரங்கள் இங்கில்லை. கடற்காற்றுக்குக் குனிந்து வளர்ந்த பாலை மரங்களே அதிகம். அடியில் முட்புதரும் கொடியும் பின்னிக் கிடக்கும். பாலைமரத்தின் இலை தோல்போலத் தடித்தது. பழம் சின்னது, மஞ்சள் நிறம், தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். கோடையிலும் இந்தக் காடு இலையைக் கொட்டுவதில்லை. வாகனத்தில் போகிறவருக்கு இது வெறும் புதர்க்காடு. உண்மையில் எவ்வளவு அரிய காடு என்பது நிதானமாக நடக்கிறவருக்குத்தான் தெரியும்.

கோடியக்காட்டில் குழகர் கோயில் இருக்கிறது. சேரமான் பெருமாளோடு இங்கே வந்த சுந்தரர், கடற்காற்று வீசும் இந்தக் கோடியில் துணையில்லாமல் தனியே இருக்கிறாயே என்று இறைவனிடம் உருகிக் கேட்டார். கோயிலுக்கு நடந்து வந்து சேர்கிறவருக்கு அந்தத் தனிமை இன்றும் கொஞ்சம் புரியும். இதே குழகர் கோயிலையும் கலங்கரை விளக்கத்தையும் சதுப்பின் புதைசேற்றையும் 1950-களில் கல்கி தன் ‘பொன்னியின் செல்வ’னில் கதைக்களமாக்கினார். அந்த நாவலின் பூங்குழலியைத் தேடி இங்கே வருகிற வாசகர்கள் இன்றும் உண்டு. சோழர் காலத்தது என்று ஊரார் சொல்லிவந்த பழைய செங்கல் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் சரிந்துவிட்டது. எஞ்சியது செங்கல் குவியல்தான். ஆங்கிலேயர் காலத்து விளக்கும் அண்மைக்கால விளக்கும் தனித்தனியே நிற்கின்றன. மூன்று காலத்து மாலுமிகளுக்கு இந்த முனையின் ஆபத்து ஒன்றுபோலவே இருந்திருக்கிறது. வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கிற இடம் இது.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். இது சரணாலயம், வெளிமானுக்காக 1967-இல் அறிவிக்கப்பட்டது. 2002 முதல் ராம்சார் உடன்படிக்கையில் இடம்பெற்ற ஈரநிலம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வலசை வரும் உள்ளானும், கூட்டமாக இறங்கும் பூநாரையும் இரை தேடும் இடத்தில் மனிதர்களை நடக்கவிடலாமா? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நடந்து வரும் ஆளைக் கண்டால் வெளிமான் மிரளும். வண்டிக்குள் இருப்பவரைக் கண்டு அவ்வளவு மிரளாது. ஆகவே மான் மேயும் புல்வெளிக்குள்ளும் பறவை இறங்கும் சேற்றுவெளிக்குள்ளும் நடைபாதை கூடவே கூடாது. அங்கே தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. நான் கேட்கும் பாதை, ஏற்கெனவே மக்கள் புழங்கும் சாலையோரத்தையும் கோயில் வழியையும் ராமர் பாதத்துக்குப் போகும் தடத்தையும் ஒட்டியது. ராமநவமிக்கு அங்கே பெருங்கூட்டம் வரத்தான் செய்கிறது. காட்டுக்குள் புதிதாக ஒரு மரக்கிளைகூட வெட்டத் தேவையில்லை.

காட்டை உண்மையில் வாட்டுவது வேறு விஷயங்கள். சீமைக்கருவேலம் புல்வெளியை மூடுகிறது. எப்போதோ விடப்பட்டுக் காட்டிலேயே பெருகிய மட்டக்குதிரைகள் மானின் புல்லையும் நன்னீரையும் பங்குபோடுகின்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது மரங்கள் சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் செத்துக் கரை ஒதுங்கின. நடந்து பார்த்து நேசிக்கிற கூட்டம் ஒன்று உருவானால், இந்தச் சிக்கல்களைப் பற்றிக் கேள்வி கேட்கவும் ஆள் கிடைக்கும். யாரும் உற்றுப் பார்க்காத காடு சத்தமில்லாமல் தேய்வது எளிது.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அனுமதி பெற்றுச் சரணாலயத்துக்குள் நுழைவதற்கான நோக்கங்களில் சுற்றுலாவையும் வைத்திருக்கிறது. நடைமுறைக்கும் முன்மாதிரி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களை இணையப் பதிவோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் தொடங்கியது. மலைவாழ் இளைஞர்களுக்கு அதில் வேலை கிடைத்தது. நல்ல திட்டம். ஆனால் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில் ‘நடை’ என்றதும் மலையை மட்டும் நினைப்பது ஏன்? வேல்ஸ் நாடு தன் கடற்கரை முழுவதையும் தொட்டுச் செல்லும் சுமார் 1,400 கி.மீ. பாதையை 2012-இல் திறந்தது. பெரும்பகுதி பழைய ஒற்றையடிப் பாதைகளை இணைத்துத்தான். நமக்கு முதலில் பத்து கி.மீ. போதும்.

அந்தப் பத்து கி.மீ.யில் என்ன செய்யலாம் என்பதைவிட என்ன செய்யக்கூடாது என்று சொல்வது முக்கியம். சுற்றுலா என்றதும் நம் துறைகளுக்கு வளைவு, வண்ணக்கல், செல்ஃபி மேடை, கான்கிரீட் மான் என்றுதான் தோன்றுகிறது. இவற்றில் ஒன்றுகூட இங்கே வேண்டாம். உப்புச் சத்தியாகிரக ஸ்தூபியருகே ஒரு தெளிவான பலகை, நாவிதர் வைரப்பனின் பெயரும் அதில் இருக்கட்டும். குழகர் கோயிலிலும் ராமர் பாதத்திலும் குடிநீர், கழிப்பறை. நடக்க முடியாதவர் பாதியில் ஏறிக்கொள்ள நேரம் தவறாத ஒரு பேருந்து. விளக்கிச் சொல்ல உப்பளத்துக் குடும்பங்களிலிருந்தும் மீனவக் குடும்பங்களிலிருந்தும் பயிற்சி பெற்ற ஆண்களும் பெண்களும். பருவத்தில் வெளியூர் மீனவர்களும் கோடியக்கரையில் வந்து குடிசை போட்டுத் தொழில் செய்வார்கள். கரையில் வலை காயும் இடமும் மீன் இறங்கும் இடமும் அவர்களுடையவை. பாதை அவற்றை விட்டு விலகித்தான் போக வேண்டும்.

கோடையில் இதை நடக்கச் சொல்வது கொடுமை. மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரிதான் ஏற்ற காலம். பறவைகளும் அப்போது நிறைய இருக்கும். விடிந்ததும் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் குழகர் கோயில். மிச்சத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். வரும் ஜனவரியிலேயே வார இறுதிகளில் சிறு சிறு குழுக்களாக அனுப்பிப் பார்க்கலாம். மான்களும் பறவைகளும் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்று வனத்துறை கவனித்து, அதற்கேற்ப ஆள் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம். முதல் குழுக்களில் நாகை மாவட்டத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் இடம் ஒதுக்க வேண்டும்.