கல்ச்சர் என்றொரு சாக்கு

ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 2024இல் பன்னிரண்டு ஆட்டங்கள் ஆடிப் பத்தில் தோற்றது. தோற்பதில் பாவம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே களமிறங்குகிற அணிகளில் பாதி தோற்றுத்தான் வீட்டுக்குப் போகும், கணக்கே அப்படி. எனக்குச் சண்டை தோல்வியோடு இல்லை, தோற்றதற்குச் சொன்ன காரணத்தோடு. சீசன் முழுக்க ரசிகர்களும் டிவி நிபுணர்களும் ஒரே சொல்லை மென்றுகொண்டிருந்தார்கள்: கல்ச்சர். டீமில் கல்ச்சர் கெட்டுப்போச்சு, பசங்களுக்குப் பசி இல்லை, காலேஜ் மேல பாசம் இல்லை.

மெஸ்ஸி ஆடுகிற கால்பந்து இல்லை இது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டி மோதுகிற அமெரிக்கக் கால்பந்து. அங்கே கல்லூரி அணிக்கே எண்பதாயிரம் பேர் டிக்கெட் எடுத்து உட்காருவார்கள். பாடம் நடத்துகிற இடம் இவ்வளவு பெரிய கேளிக்கைக் கம்பெனியை ஏன் நடத்துகிறது என்று கேட்டால் அமெரிக்கர்களிடமே நேரான பதில் கிடையாது. அது இருக்கட்டும்.

முந்தைய வருடத்தைப் பார்த்தால்தான் இந்த அபத்தம் புரியும். 2023இல் இதே அணி, இதே கோச் மைக் நார்வெல், பதின்மூன்று ஆட்டம் ஆடிப் பதின்மூன்றிலும் ஜெயித்தது. நவம்பரில் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் உடைந்து வெளியேறினார். அதற்குப் பிறகும் தோற்கவில்லை. ஆனாலும் தேசிய பிளேஆஃபுக்கு நான்கு அணிகளைத் தேர்வு செய்த கமிட்டி, டிராவிஸ் இல்லாத அணி பழைய அணி இல்லை என்று சொல்லி அவர்களைக் கழற்றிவிட்டது. பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் தோற்காத சாம்பியன் அந்த நான்கில் இடம் பெறாதது அதுவே முதல்முறை. ஆறுதலுக்குக் கிடைத்த ஆரஞ்சு பௌலில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆட வரவில்லை. ஜார்ஜியா 63-3 என்று துவைத்து அனுப்பியது. அடுத்த வருடம் பிளேஆஃபைப் பன்னிரண்டு அணிகளாக விரித்தார்கள். அந்த வருடம்தான் இவர்கள் பத்து தோல்வி. விதிக்கும் கொஞ்சம் நகைச்சுவை உணர்ச்சி உண்டு போல.

இப்போது பாசக் கதைக்கு வருவோம். 2024 அணி டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிகளிலிருந்து வந்தவர்களால் நிரம்பியது, வாடகைக்கு வந்தவனுக்கு வீட்டு மேல என்ன அக்கறை என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023இல் ஜெயிக்க வைத்தவர்கள் யாராம்? ஜாரட் வெர்ஸ் ஆல்பனியிலிருந்து வந்தவர். கியான் கோல்மன் மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து. பிரேடன் ஃபிஸ்க் வெஸ்டர்ன் மிச்சிகனிலிருந்து. டிரே பென்சன் ஓரிகனிலிருந்து. கால் உடைந்ததற்காக ஊரே கண்ணீர் விட்ட ஜோர்டன் டிராவிஸே லூயிவில்லில் தொடங்கியவர்தான். ஜெயித்தபோது இவர்கள் எல்லாரும் குடும்பம், தோற்றபோது வந்தவர்கள் மட்டும் வாடகைக்காரர்களா? நல்லா இருக்கே நியாயம்.

நடந்தது ரொம்ப சாதாரணமான விஷயம். 2024 ஏப்ரலில் என்.எஃப்.எல். டிராஃப்டில் அந்த அணியிலிருந்து பத்துப் பேரைத் தொழில்முறை அணிகள் எடுத்துக்கொண்டன. பத்துப் பேர்! அந்த இடத்தில் யாரை வைப்பது என்று தீர்மானித்தவர்கள் கோச்சும் அவருடைய ஆட்களும். குவார்ட்டர்பேக்காக வந்த டி.ஜே. உயியாகலலேவுக்கு அது மூன்றாவது கல்லூரி. பருவத்தின் நடுவிலேயே கையில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார். டப்ளினில் ஜார்ஜியா டெக்குக்கு எதிரான முதல் ஆட்டத்தில் எடுத்த 21 புள்ளிகளை, அதே டிவிஷனில் ஆடுகிற எந்த அணியோடும் அவர்களால் அதன்பிறகு தாண்ட முடியவில்லை. நோட்ர டேமிடம் 52-3. இதைக் 'கட்டுமானத் தவறு' என்று சொல்லலாம், 'தேர்வுத் தவறு' என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் கேள்வி மேலே போகும், தவறு செய்தவருடைய மேசைக்கு. கல்ச்சர் என்று சொன்னால் கேள்வி கீழே இறங்கி, இருபது வயதுப் பையனுடைய நெஞ்சுக்குள் போய் நிற்கும். அந்தச் சொல்லுக்கு இருக்கிற மவுசு எல்லாம் இதனால்தான்.

2024 ஜனவரியில் அலபாமாவின் கோச் நிக் சேபன் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு நார்வெல் போய்விடுவாரோ என்ற பயத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட் அவருக்குப் புது ஒப்பந்தம் நீட்டியது. வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல், 2031 வரைக்கும். எட்டு மாதம் கழித்து அணி தோற்க ஆரம்பித்தபோது ஒரு கூட்டல் கணக்கு போட்டுப் பார்த்தார்கள். இவரை அனுப்பினால் ஆறு கோடி டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். ஆகவே நோட்ர டேம் தோல்விக்கு மறுநாள் கீழே இருந்த மூன்று பேர் வேலை போனது: தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்தவர், தடுப்பாட்டத்தைப் பார்த்தவர், ரிசீவர்களுக்குப் பயிற்சி தந்தவர். நார்வெல் இருந்தார். பிற்பாடு தன் 2025 சம்பளத்திலிருந்து 45 லட்சம் டாலரை அணிக்கான நிதிக்கே திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டார். அதைப் பெருந்தன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருடம் களத்தில் முட்டி உடைத்துக்கொண்ட பையன்களுக்குப் பல்கலைக்கழகம் நேரடியாகச் சம்பளம் தருவதற்கு விதியே கிடையாது. விளம்பரம், ஸ்பான்சர் என்று வெளியே சம்பாதிக்கலாம், அதுவும் 2021க்குப் பிறகுதான். கல்லூரிகள் வருமானத்தை வீரர்களோடு பகிரலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 2025 ஜூனில். அதுவரைக்கும் அவர்கள் சட்டப்படி 'மாணவ-விளையாட்டு வீரர்கள்'. தோற்றால் மட்டும் தொழிலாளி மாதிரி திட்டு வாங்கலாம்.

'சும்மா பணத்தையே காரணம் காட்டாதீங்க, மனசு இருந்தா ஜெயிக்கலாம்' என்பவர்களை டெக்சஸுக்கு அழைத்துப் போக வேண்டும். பிரேரி வியூ ஏ அண்ட் எம், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய பல்கலைக்கழகம். ஐம்பது, அறுபதுகளில் பில்லி நிக்ஸ் பயிற்சியில் ஐந்து முறை கறுப்பினக் கல்லூரிகளின் தேசியப் பட்டம் வென்ற அணி. கென் ஹூஸ்டன், ஓடிஸ் டெய்லர் எல்லாம் அங்கே ஆடியவர்கள்தான். பிறகு தெற்கின் வெள்ளைக்காரப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களுக்குக் கதவைத் திறந்தன, நல்ல வீரர்கள் அந்தப் பக்கம் போனார்கள். நிதி நிர்வாகக் குளறுபடியில் 1990 சீசனையே ரத்து செய்தார்கள். திரும்பி வந்தபோது வீரர்களுக்கு ஸ்காலர்ஷிப் இல்லை. 1989லிருந்து 1998 வரை தொடர்ந்து எண்பது ஆட்டம் தோற்றது அந்த அணி. நாடு முழுக்கச் சிரித்தது. காசு வாங்காமல், தோற்போம் என்று தெரிந்தே, வாராவாரம் வந்து அடி வாங்கிய பையன்களிடம் இல்லாத கல்ச்சரை வேறு எங்கே போய்த் தேடுவீர்கள்? இருந்தும் எண்பது தோல்வி. எதிரே நின்றவனுக்கு ஸ்காலர்ஷிப் இருந்தது, அவ்வளவுதான்.

பிரேரி வியூ எந்த அமைப்பின் கீழ் வருகிறது தெரியுமா? டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பு. அதன் தலைமைப் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு அனுப்பியது. இவர் முன்பு ஃப்ளோரிடா ஸ்டேட்டில் இருந்தவர், 2013இல் அங்கே தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவரைப் போகச் சொல்வதற்கு ஆன செலவு ஏழரைக் கோடி டாலருக்கு மேல். ஆட்டம் சனிக்கிழமை, தொகை ஏழரை. நம்மூர் ஜோசியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அது வரிப்பணம் இல்லை, நன்கொடைப் பணம் என்று உடனே சொல்வார்கள். சரி, நன்கொடைதான். அந்த நன்கொடைக்காரர்கள் கண்ணுக்குப் பிரேரி வியூ ஏன் ஒன்பது வருடமாகத் தெரியவில்லை?

நியாயமான ஒரு எதிர்வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குப் பணப் பஞ்சம் இல்லையே, அப்புறம் ஏன் தோற்றது? உண்மைதான், பணம் மட்டுமே ஜெயிக்காது. கோச்சின் தேர்வு தப்பாகலாம், கை உடையலாம், கடைசி நொடியில் எதிராளியின் ஒரு உதை சரியாகப் போய் விழலாம். டப்ளினில் அப்படித்தான் தோற்றார்கள். இதெல்லாம் விளையாட்டு. யாருடைய ஒழுக்கத்தையும் இதில் இழுக்கத் தேவையில்லை.

2025 ஆகஸ்ட் 30, முதல் ஆட்டத்திலேயே ஃப்ளோரிடா ஸ்டேட் அலபாமாவை 31-17 என்று அடித்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். கல்ச்சர் திரும்பிவிட்டது என்று அன்றிரவே பேச்சு. சீசன் முடிந்தபோது 5-7. நார்வெல் 2026லும் தொடர்வார் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.