பாட்டி போட்ட விமானக் கணக்கு

ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பாட்டி ஒருவருக்கு சிங்கப்பூர் பயணம். அங்கே மகளுக்கு 17-ம் தேதி வாக்கில் பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேரன் டிக்கெட்டை போனில் காட்டினான். திருச்சியில் 15-ம் தேதி இரவு 12.30-க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் காலை 7 மணி. திரும்பும்போது அங்கே இரவு 9 மணிக்கு ஏறினால் இங்கே 10.45.

"ஏன்டா, போறதுக்கு ஆறரை மணி, வர்றதுக்கு ஒண்ணே முக்கால் மணியா? வரும்போது மட்டும் வேற ஏரோப்ளேனா?"

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

உண்மையில் இரண்டுமே நாலு மணி நேரப் பயணம்தான். திருச்சி விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் வான்வழியில் சுமார் 2,980 கி.மீ. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. போகும்போது அதைக் கழிக்க வேண்டும், வரும்போது கூட்ட வேண்டும். மேலே வீசும் காற்றைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின் ஆகலாம்.

சூரியனைக் கேட்டால் வேறு கணக்கு சொல்லும். இரண்டு ஊருக்கும் நடுவே தீர்க்கரேகையில் 25 டிகிரி வித்தியாசம். டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 1 மணி 40 நிமிடம்தான் வருகிறது. ஆனால், 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைக்க, சிங்கப்பூரும் கூடவே தள்ளி வைத்தது. அதனால்தான் அங்கே சூரியன் எழவே காலை 7 மணி ஆகிறது. பாட்டி போய் இறங்கும்போதுதான் விடியும்! நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் போன தலைமுறைக்கு இந்தக் குழப்பமே இல்லை. நாள்கணக்கில் கடலில் போகிறவருக்கு அரை மணி என்ன, ஒரு மணி என்ன!

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பாட்டி காலண்டரை எடுத்தார். வீட்டில் அத்தனை பேரும் 15-ம் தேதி ராத்திரி சாப்பாடு முடித்துக் கிளம்புவதாக ஏற்பாடு. கால் டாக்ஸிக்கும் அப்படியே சொல்லியாயிற்று.

"பன்னெண்டு அடிச்சா மறுநாள் பொறந்துடறதே. அப்போ பதினாலாம் தேதி ராத்திரின்னா கிளம்பணும்?"

பேரனின் சிரிப்பு நின்றது. 15-ம் தேதி ராத்திரி போயிருந்தால், விமானம் கிளம்பி ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். டிக்கெட் பணம் போவது ஒருபக்கம்; அடுத்த விமானத்தில் இடம் கிடைப்பதற்குள் குழந்தை பிறந்திருக்கும். நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்களில் இந்தத் தவறு படித்தவர்களுக்கும் நடக்கிறது.

டாக்ஸிக்காரருக்கு உடனே போன் போனது. 14-ம் தேதி இரவு எட்டரைக்கு வீட்டு வாசல். காவிரிப் பாலம் தாண்டி, ஊருக்குள் புகுந்து புதுக்கோட்டை சாலையில் இருக்கும் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டால் நிதானமாகப் போகலாம்.

சர்க்கரை மாத்திரையை எந்த ஊர் நேரத்துக்குப் போடுவது என்று பாட்டி மறுநாளே டாக்டரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பேரன் அந்தச் சீட்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான்.