அடிக்குறிப்பு அடியிலேயே இருக்கட்டும்

செஞ்சிக் கோட்டைக்கு இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று, மக்கள் பாடி வளர்த்த தேசிங்கு ராஜன் கதை. மற்றொன்று, 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேஜ்சிங்கைப் பற்றிய ஆவணச் சான்று. கதை எது, சான்று எது என்று வாசகனுக்கு அங்கேயே பிரித்துக் காட்டுவது பக்கத்தின் அடியில் நிற்கும் அடிக்குறிப்புத்தான். சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943-ல் வெளியிட்டது. அந்நூலுக்கு வலுவூட்டுபவை அதன் அடிக்குறிப்புகளே.

பக்கம் கட்டுகிறவருக்கு இது தலைவலி என்பது உண்மைதான். குறிப்பு நீண்டால், அதற்கு இடம்விட்டு மேலே உள்ள வரி அடுத்த பக்கம் போகும். குறிப்பெண் அவ்வரியிலேயே இருந்தால் குறிப்பும் உடன் போகும். பழைய பக்கத்தில் வெற்றிடம் விழும். ஆனால், அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத் 1978-ல் அளித்த 'டெக்' மென்பொருள் இதற்கு வழி கண்டுவிட்டது. கொண்டமட்டும் அப்பக்கத்தில் வைத்து, மிச்சத்தை அடுத்த பக்கத்தின் அடியில் தொடர்கிறது.

இவ்வளவு வசதி இருந்தும், குறிப்புகளையெல்லாம் நூலின் கடைசிக்குத் தள்ளிவிடும் பழக்கம் நீங்கவில்லை. வரிக்கு வரி பின்னால் புரட்டிப் பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? சாட்சியை நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு வழக்கு நடத்துவது போன்றதன்றோ இது!

2025-ல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. அதைப் பற்றி இனி எழுதப்படும் நூல்களிலாவது, பதிப்பாளர்கள் சான்றை வாசகனின் கண்ணெதிரே வைப்பார்களாக.