குறைமாதப் பிள்ளையும் ஊரார் கையும்

செங்கற்பட்டு அரசு மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டியில் சில வாரம் காப்பாற்றப்பட்டு, ஒருவாறு எடை ஏறி, தாயின் மடியில் உத்திரமேரூருக்குப் பேருந்தேறும் குறைமாதச் சிசுவுக்கு வழியிலேயே ஓர் அபாயம் காத்திருக்கிறது. அது நம் ஜனங்களின் பிரியம். பக்கத்து ஆசனத்து அம்மாளும், பூக்காரியும், தூரத்து உறவினரும் கன்னத்தைத் தடவி, விரலை முத்தமிட்டு, 'எத்தனை கிலோ?' என்று விசாரிப்பதில் துளியும் துவேஷமில்லை. அதனாலேயே அந்தக் கையை விலக்கத் தாய்க்கு மனம் வருவதில்லை. விலக்கினாலோ, "தொட்டா தேஞ்சா போயிடும் உன் புள்ள?" என்ற கேள்வி உடனே எழும்.

தேய்ந்து போகாதுதான். ஆனால், நோயை எதிர்க்கும் சக்தி தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே சேர்வது பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலாதலின், 37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தை அந்தச் சீதனத்தை முழுதாகப் பெறாமலே வந்துவிடுகிறது. தோல் மெல்லியது, நுரையீரல் முதிராதது. கக்குவான் இருமலுக்கான முதல் தடுப்பூசியோ ஆறாம் வாரத்தில்தான். பெரியவர்க்கு இரண்டு நாள் ஜலதோஷமாகக் கழிவது, இச்சிசுவுக்கு மூச்சுத் திணறலாகி மறுபடியும் மருத்துவமனைக்கே கொண்டு சேர்க்கக்கூடும்.

ஸ்பரிசமே ஆகாதென்று இதற்குப் பொருளன்று. கொலம்பியா தேசத்துப் போகோட்டா நகரில், 1970களின் இறுதியில், பெட்டிகள் போதாத மருத்துவமனையொன்றில் டாக்டர் எட்கர் ரேய் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாக வைத்துக் காக்கத் தொடங்கிய முறையையே, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, பிறந்த உடனே தொடங்கிச் செய்யுமாறு 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தாயின் தோல் ஔஷதம். காசு எண்ணிய கை அவ்வாறன்று.

தீட்டென்று சொல்லிப் பிரசவித்தவளை ஒதுக்கிய வழக்கம் ஒழிந்தது நல்லதே, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எனினும், அவ்வொதுக்கத்தின் நிழலில் குழந்தைக்குச் சில நாள் கிடைத்து வந்த ஏகாந்தமும் கூடவே போயிற்று. ஊராட்சி வாரியத்தில் யார் அமரலாம், யார் அமரலாகாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் பொறித்த அதே உத்திரமேரூரில், 'இப்போது வேண்டாம்' என்னும் இரண்டு சொல்லுக்கு இன்று நா எழவில்லை!

அச்சொல்லை இருபது வயதுத் தாய் சொன்னால் திமிர். மாமியார் சொன்னால் அனுபவம். ஆதலின், சோப்பிட்டுக் கைகழுவாதவர், சளியுள்ளவர், முத்தமிட விரும்புபவர் எவராயினும் எட்ட நின்று பார்க்கட்டும் என்று சொல்லும் பொறுப்பைப் பாட்டிமார் ஏற்கவேண்டும். வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியும் தாயிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிப் போகாமல், மாமியாரையும் பக்கத்து வீட்டாரையும் திண்ணையில் உட்கார்த்தி வைத்துச் சொல்வாராக.